மூன்றாவது சிலிண்டர்

எனக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை இப்போது கூச்சமில்லாமல் சொல்கிறேன். பத்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

அப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதே ஆபீசில் இருந்த மலரின் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவளுடைய அப்பாவின் கார் அது. இணையத்தில் வாங்கிய ஸ்கேனரைச் செருகினேன். மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறி சரியாக விழவில்லை என்று பிழைக் குறியீடு வந்தது.

மறுநாள் பொந்தியானில் அவள் அப்பாவை முதன்முதலாகப் பார்க்கப் போனேன். எல்லோரும் பழம் வாங்கிப் போவார்கள். நான் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் ஒன்று புதிதாக வாங்கிப் போனேன். (அறிவாளி அல்லவா.)

அன்று செடெனாக்கில் அவர் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தோடு அவர் சட்டைப் பையில் இருந்தது.

"பத்து நிமிசம் போதும் அங்கிள்," என்றேன்.

பானெட்டைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, அந்தக் காயிலைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது.

"பரவாலயே தம்பி," என்றார் அவர். கார் இன்னும் நடுங்குகிறதே என்று மலர் கேட்டாள். புது சாமான், பழகட்டும் என்றேன். (சாமான் என்ன புது மருமகளா?)

மூவரும் கிளம்பினோம். பெக்கான் நானாஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அணைந்த விளக்கு மின்ன ஆரம்பித்தது. கார் நாலு தடவை குலுங்கி, ஓர் அன்னாசிக் கடை வாசலில் நின்றுவிட்டது. அவர் தங்கை போனில் கேட்டது எங்களுக்கும் கேட்டது: "அண்ணே, எங்க இருக்கீங்க? புள்ள அழுவுது."

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"தம்பி, ஃபேக்டரியில நீங்க எந்த மெஷின பாக்கறீங்க?"

"பேக்கிங், அங்கிள்."

"ம்."

அன்னாசி ஏற்றிய லோரி ஒன்று, செடெனாக் போகும் வழியில் கூலாய் பக்கம் கிளம்பியது. ஓர் ஆளுக்குத்தான் இடம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஏறிப் போனார். மலர் என் பக்கம் திரும்பவே இல்லை. நல்ல சம்பந்தம் ஒன்று லோரியில் போகிறது என்றே நினைத்தேன்.

கடைக்காரர் போன் செய்ய, பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு சீனப் பெரியவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிரா டாரி மானா?"

மலாயில், எங்கிருந்து எண்ணினாய் என்று அர்த்தம். இடது பக்கத்தைக் காட்டினேன். அவர் பெல்ட் இருக்கும் மறுபக்கத்திலிருந்து விரலால் தட்டி எண்ணினார். மூன்று என்று விரல் நின்ற இடத்தில் கெட்டுப்போன பழைய காயில் அப்படியே இருந்தது. நாலில் நான் மாற்றியது இரண்டாவதை. நன்றாக இருந்ததைப் பிடுங்கியிருந்தேன். அவர் புதியதை மூன்றாவதிலும், நான் கழற்றி வைத்திருந்ததை இரண்டாவதிலும் மாட்டினார். எஞ்சின் பூனை மாதிரி முனகியது. மலருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செடெனாக்கில் காது குத்தி முடித்திருந்தார்கள். தோடு போட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அன்னாசி வாசனையோடு அவர் உட்கார்ந்திருந்தார். நடந்ததை மலர் சொன்னாள். நான் மறைக்கவில்லை.

"எஞ்சின் தெரியல, சரி," என்றார் அவர் மலரிடம். "ஆனா எங்கயும் ஓடிப் போயிடாம, காரோட வந்து நின்னாரு பாரு. மொதல்ல சாப்பிடுங்க தம்பி."

அடுத்த வருடம் கல்யாணம். தாலியில் மூன்றாவது முடிச்சு போடும்போது, பின்னாலிருந்து மாமா, அதாவது மலரின் அப்பா, குனிந்து, "கிரா டாரி மானா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். கல்யாண வீடியோவைப் போட்டால், அப்பா ஏன் சிரிக்கிறார் என்று மகள் கேட்பாள். மாமா போய் மூன்று வருடமாகிறது. அந்த இடம் வந்ததும் மலர் சத்தத்தைக் கூட்டி, இன்னொரு தடவை போடுவாள்.