ஆடி அமாவாசையில் பிடிபட்ட மீன்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ,
மொன்ட்ரியால்.

பெருமதிப்புக்குரிய இரவிச்சந்திரன் அத்தானுக்கு,

நகுலேஸ்வரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சிவமலரும் பிள்ளையும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. அங்கே ஸ்காபரோவில் உங்களையும் புஷ்பராணி அக்காவையும் முருகன் குறையில்லாமல் வைத்திருப்பான் என்று நம்புகிறேன். வாட்ஸப்பை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். அக்கா வாசித்த கையோடு குடும்பக் குழுவில் போட்டுவிடுவார்; பிறகு சுவிஸிலிருந்தெல்லாம் ஆறுதல் சொல்ல ஆட்கள் தொலைபேசி எடுப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிள்ளை வினோஜா விரும்பும் மத்தியூ என்ற கியூபெக் பையனைப் பற்றி உங்களிடம் அழாக்குறையாகச் சொன்னேன் அல்லவா? பையனில் குற்றமில்லை, குடும்பத்தைப் பார்க்காமல் ஓம் சொல்ல மாட்டேன் என்று நின்றேன். அதற்குப் பையனின் தகப்பன், றெஜான் என்று பெயர், ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிப்போம், வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். சம்பந்தம் பேச ஆற்றுக்குக் கூப்பிடும் மனிதரை இப்போதுதான் காண்கிறேன். அதுவும் அந்த ஞாயிறு ஆடி அமாவாசை! அப்பா போனதிலிருந்து நான் ஒரு வருடமும் தவறவிடாத விரதம். "மீன், மச்சம் எதையும் தொட்டியளெண்டால் இந்தப் படி ஏறாதேங்கோ" என்று சிவமலர் வாசலில் நின்று சொன்னார். "நான் சும்மா கரையில நிண்டு கதைச்சுப்போட்டு வாறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டி, சால்வை, திருநீறு, ஒரு தட்டில் வாழைப்பழமும் பயற்றம் பணியாரமும் சகிதம் காரில் ஏறினேன். ஓட்டியது வினோஜா.

றெஜான் தட்டை மரியாதையாக வாங்கி ஒரு கல்லில் வைத்துவிட்டு, பதிலுக்கு நெஞ்சுவரை வருகிற ரப்பர் காற்சட்டை ஒன்றை என் கையில் தந்தார். "என்னடி பிள்ளை இது?" என்றேன். "போடுங்கோ அப்பா, ப்ளீஸ். வேண்டாமெண்டால் அவர் மனம் நொந்து போவார்" என்றாள். பட்டு வேட்டியைச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டு இறங்கினேன். அணையின் அடியிலிருந்து வருகிற தண்ணீராம், ஆடி மாதத்திலும் கால் விறைத்துப் போயிற்று. புழு எங்கே என்று கேட்டால் புழு கிடையாதாம். கொக்கியில் இறகையும் நூலையும் கட்டி, இது பூச்சி என்று மீனை நம்பவைப்பதாம். மீனுக்கே பொய்ச் சாப்பாடு போடுகிற வீட்டில் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று அப்போதே யோசித்தேன். முதல் வீச்சில் என் சால்வை ஆற்றோடு போயிற்று. அடுத்த வீச்சில் கொக்கி றெஜானின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தது. மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதுதான் அத்தான், பேச்சே இல்லை! வேலைத்தலத்தில் பழகிய பிரெஞ்சில் "உங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன். விரலை உதட்டில் வைத்தார். எங்கள் ஆட்களிடம் மாப்பிள்ளை வீட்டார் வாய் திறக்காவிட்டால் என்ன அர்த்தம்? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பேந்து சொல்லியனுப்புறம்" என்று எழும்புவதற்கு முன்னால் வருகிற மௌனம். அக்காவைப் பார்க்க நீங்கள் வந்தபோது உங்கள் பெரியப்பாவும் இப்படித்தான் இருந்தார். நாங்கள் அழுது முடித்த பிறகுதான் அவருக்குப் பல்வலி என்று தெரிந்தது. றெஜானுக்குப் பல்வலியும் இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

கோபத்தில் தூண்டில் தடியை ஓங்கி வீசினேன். வீசிய இடத்தில் எதுவோ கவ்வி இழுத்தது. இழுத்தேன், விழுந்தேன், எழும்பினேன். றெஜான் வலையோடு ஓடி வந்தார். உள்ளே ஒரு மீன், நம் தென்னம் மட்டை அகலம், மஞ்சள் வயிறும் சிவப்புப் புள்ளியுமாக! கரையிலிருந்து வினோஜா படமெடுக்கத் தொலைபேசியைத் தூக்குகிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. அப்பாவின் விரத நாளில் கையில் மச்சத்தோடு நான்! படம் சிவமலரிடம் போனால்? கொக்கியை உருவி, "போ ராசா, போ" என்று இரண்டு கையாலும் மீனைத் தண்ணீரில் விட்டேன். செய்த பாவம் போகட்டும் என்று அப்பாவை நினைத்து ஆற்று நீரை அள்ளி விட்டுக் கும்பிட்டேன். உண்மையைச் சொன்னால் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், றெஜான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிலைபோல நிற்கிறார். அந்த நேரம் பார்த்து, அணை திறக்கப்போகிறது என்று சங்கு ஊதியது. என் காற்சட்டை வாரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார். இடுப்பு போனது அங்கேதான்.

கரையில் அவர் பிடிபடாத வேகத்தில் ஏதோ நீளமாகப் பேசினார். கண்ணில் தண்ணீர். வினோஜாவும் அழுதாள். பிடித்த மீனைத் தொலைத்த மடையனோடு சம்பந்தம் வேண்டாம் என்கிறார், வேறென்ன? காரில் அவள் வாயெடுத்தபோது, "ஒண்டும் சொல்லாதை, எனக்கு விளங்கியிட்டுது" என்று அடக்கிவிட்டேன். அவள் அறையை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மானம் பெரிது. ஆகவே நீங்கள் சொன்ன, மார்க்கம் நகரத்துப் பார்மசிஸ்ட் பையனின் சாதகத்தை உடனே அனுப்பவும். இனி அந்த ஆற்றுப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் அன்பு. பெரியவர்கள் இருவரும் எங்கள் பிள்ளையை மனதார ஆசீர்வதிக்கவும்.

இப்படிக்கு,
பாசமுள்ள மைத்துனன்,
நகுலேஸ்வரன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சாதகம் வேண்டாம். வினோஜா கதவைத் திறந்துவந்து சொல்லிவிட்டாள். அந்த மீனைப் பிடிக்க றெஜானின் தகப்பனும் முயன்றாராம், றெஜானும் வருடக்கணக்காக முயன்றாராம். "அதைப் பிடித்து, ஒரு படம்கூட எடுக்காமல், கும்பிட்டு விட்டுவிட்ட மனிதரை நான் கண்டதில்லை. அவருடைய மகள் என் வீட்டுக்கு வருவது என் பாக்கியம்" என்றாராம். ஆற்றில் பேசாமல் நிற்பது அவர்கள் செய்கிற பெரிய மரியாதையாம். நான் ஓம் சொல்லிவிட்டேன், அத்தான். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். ஒரேயொரு சிக்கல். இனி ஒவ்வொரு ஞாயிறும் ஆற்றுக்கு வரச் சொல்கிறார். நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் வீட்டில் மச்சம் இல்லை, அதுவரை மீனைக் கும்பிட்டு விடுகிற மனிதர் என்ற என் பெயர் தப்பும். ஆனால் அந்த மீன் குழம்புக்கு நல்லதா பொரியலுக்கு நல்லதா என்று சிவமலர் இப்போதே கேட்கிறார், எனக்கும் வாயூறுகிறது. ஆகவே பஞ்சாங்கத்தைப் பார்த்து, நல்லூர் முடிந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் என்னென்ன விரதம் என்று எழுதவும். ஒன்றும் இல்லாவிட்டால், கல்யாணம் முடியும்வரைக்குமாவது, நீங்களே ஒன்றை உண்டாக்கி எழுதவும்.