பெரியம்மா வீட்டுக் கமராவை நான் திருத்தப் போன கதை

வீட்டில் ஒருவன் றேடியோவைக் கழற்றித் திரும்பப் பூட்டி, அது பாடியும் விட்டால் அவன் கதை முடிந்தது. சொந்தக்காரர் எல்லாரும் சேர்ந்து அவனை இஞ்சினியர் ஆக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. (அந்த றேடியோவில் கழன்றிருந்தது பற்றரிக் கம்பி மட்டும். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.)

ஆகவே கனடாவிலிருந்து வதனி அக்கா தொலைபேசி எடுத்து, "தம்பி, அம்மான்ர கேற்றுக் கமரா வேலை செய்யேல்லையாம். ஒருக்காப் போய்ப் பாரன்" என்றபோது, "அது அரை மணித்தியால வேலை அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

வதனி அக்கா என் பெரியம்மாவின் மகள். பெரியம்மாவின் வீடு திருகோணமலையில், துறைமுகத் தெருவிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில். சண்டை மறுபடியும் தொடங்கியிருந்த காலம். முந்தின வருடம் பெரியம்மாவின் மகன் ரவி அண்ணா பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார். சந்தி மதிலில் சாய்த்தபடி சைக்கிள் மட்டும் கிடைத்தது. பெரியம்மா போய்க் கேட்காத ஆமிக் காம்ப் இல்லை. தனியாக இருக்கும் தாய், கதவைத் திறக்குமுன் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கட்டும் என்றுதான் அக்கா காசு அனுப்பிக் கேற்றுத் தூணில் கமரா பூட்டுவித்தார். கேற்றில் நிற்பவர் வீட்டுக்குள் ரீவியில் தெரிவார். கொஞ்ச நாள் தெரிந்தார்கள். பிறகு திரையில் வெறும் புள்ளிதான்.

சத்திரசிகிச்சைக்குப் போகும் டொக்டர் மாதிரி, கரண்ட் பார்க்கும் ரெஸ்ரரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய் இறங்கினேன்.

"முதல் தேத்தண்ணியைக் குடி தம்பி. அது கிடக்கட்டும்" என்றார் பெரியம்மா.

"வேலை முடியட்டும் பெரியம்மா."

"ஏலாட்டி விட்டிடு. பழுதாப் போனது போனதுதானே. கழட்டிக் கொண்டு போவன்."

(இந்தப் பேச்சை ஒழுங்காகக் காதில் வாங்கியிருந்தால் பெரியம்மாவின் ரீவி தப்பியிருக்கும்.)

பிழை ரீவியில்தான் என்று முதலில் தீர்ப்புச் சொன்னேன். பின்பக்கத்தைக் கழற்றி, ஊதி, துடைத்துப் பூட்டினேன். இருந்த புள்ளியும் போய்விட்டது. சரி, பிழை கமராவின் அடப்ரரில் என்று முடிவு செய்து, என் பழைய கசெற் பிளேயரின் அடப்ரரைக் கொண்டுவந்து கொழுவினேன். ஒரு சத்தம், கொஞ்சம் புகை. ஃபான் நின்றது, ஃபிரிட்ஜும் மூச்சை விட்டது. வயரைத் தொடர்ந்து பார்க்கலாம் என்றால் அது அலுமாரிக்குப் பின்னால் போய் மறைந்தது. அந்த அலுமாரியை அசைக்க நாலு பேர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டு கேற்றுத் தூணில் ஏறினேன்.

துறைமுகத்துக்குக் கிட்ட, பட்டப்பகலில், தெருவைப் பார்க்கும் கமராவைக் கட்டிப்பிடித்தபடி ஒரு தமிழ்ப் பெடியன். இதைவிட வேறு புத்தி எவனுக்கு வரும்? ரோந்து வந்த நேவிக்காரர் இரண்டு பேர் கீழே நின்றார்கள்.

"இறங்கு. ரோட்டை ஏன் பாக்கிறது?" என்றார் மூத்தவர், அரைகுறைத் தமிழில்.

"இது ஒண்டையும் பாக்காது சேர். பழுது" என்றேன். என் கைராசியின்மையை நினைத்து நான் பெருமைப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

மூத்தவர் நம்பவில்லை. உள்ளே வந்து ரீவியைப் போட்டுப் பார்த்தார். ஃபான் சுவிச்சை அமத்தினார். ஃபிரிட்ஜைத் திறந்து அந்த இருட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் யார் உடைச்சது?"

பெரியம்மா என்னைக் காட்டினார்.

"நல்ல பாஸ்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். (எங்கள் ஊரில் மேசனையும் தச்சனையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அன்றைக்குத்தான்.)

அவ்வளவு நேரமும் பெரியம்மாவின் மற்றக் கை என் சட்டையைப் பின்னாலிருந்து கசக்கிப் பிடித்திருந்தது.

"போயிட்டினம், விடுங்கோ பெரியம்மா."

"பொறு" என்றார். விடவில்லை. ஒரு பிள்ளையைப் பாண் வாங்க அனுப்பின கை அது.

பிறகு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாலு பேர் வேண்டும் என்று நான் சொன்ன அலுமாரியைத் தனியாகத் தோளால் தள்ளினார். பின்னால் வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"மீன் வெட்டுற கத்தியால நான்தான் வெட்டினனான்."

"ஏன் பெரியம்மா?"

"அவன் எங்கையாவது தப்பி ஒளிச்சிருந்தா, ஆருக்கும் தெரியாமத்தானே வருவான். கேற்றில கமரா இருக்கிறதைக் கண்டா உள்ளுக்கு வருவானே? திரும்பிப் போயிடுவான். கழட்டுவம் எண்டா எனக்கு ஏணியில ஏற ஏலாது. பழுதெண்டு சொன்னா நீ வந்து கழட்டுவாய் எண்டு பாத்தன். நீ திருத்த வெளிக்கிட்டிட்டாய்."

"அக்கா பயப்பிடுறாவெல்லே."

"அவளுக்குத் தன்ர தாயை நினைச்சுப் பயம். எனக்கு என்ர பிள்ளையை நினைச்சுப் பயம்."

கமராவைக் கழற்றிச் சாக்கில் சுற்றினேன். அன்று பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார். பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி எதிரே நின்றார்.

"அக்கா, துறைமுகப் பக்கம் உப்புக்காத்து. உள்ளுக்கு இரும்பெல்லாம் கறள் பிடிச்சுப் போச்சு."

அடுத்த வருடம் கனடாவிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் அக்கா இன்னொரு கமரா கொடுத்து விட்டார். அதையும் உப்புக்காத்து பிடித்தது. மூன்றாவதும் வந்தது. "கடலுக்குள்ள நிக்கிற கப்பலைப் பிடிக்காத காத்து, என்ர கமராவை மட்டும் தேடி வந்து பிடிக்குதோ?" என்று அக்கா கேட்டார். சொந்தத்துக்குள் என் இஞ்சினியர் பட்டம் பறிபோனது. இன்றைக்கும் கனடாவில் அக்கா வீட்டு மெஷின் எது நின்றாலும், "உப்புக்காத்து, மாமாவைக் கூப்பிடுங்கோ" என்றுதான் பிள்ளைகள் சிரிப்பார்களாம். அந்தப் பிள்ளைகள் துறைமுகத்தைக் கண்டது ஒரே ஒரு தடவை, சண்டை முடிந்த பிறகு.

அந்த முறை பெரியம்மா வீட்டு மத்தியானச் சாப்பாட்டில் அக்கா உப்புக்காத்துக் கதையை முழுக்கச் சொன்னார். எல்லாரும் புரைக்கேறச் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். ரவி அண்ணா போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

"பாவமடி, அவன் என்ன செய்வான். காத்து அப்பிடி" என்றபடி எழும்பிக் குசினிக்குள் போனார். ரவி அண்ணாவுக்கென்று ஒவ்வொரு நாளும் சோறு போட்டு மூடி வைக்கும் கோப்பையைத் திறந்து, அதிலிருந்து பொரித்த மீன் துண்டு ஒன்றை எடுத்து வந்து என் சோற்றில் வைத்தார். பிறகு திரும்பிப் போய், கோப்பையைக் கவனமாக மூடினார்.