இருபத்திரண்டு பேருக்கு ஒரு ஜாகை

"டெய்சி அத்தை மாடி ஏற மாட்டாங்களாம்ப்பா," என்றாள் பிரிஸ்கில்லா.

ஞானராஜ் சார் பச்சைப் பென்சிலைக் கீழே வைத்தார். மேஜை மேல் அவருடைய சார்ட் அகலமாக விரிந்து கிடந்தது. மே மாதக் கடைசியில் சென்னைப் பக்கத்துத் தீம் பார்க்குக்குப் போகிற இருபத்திரண்டு பேரும் அதில் எட்டு அறைகளுக்குள் பிசிறில்லாமல் அடங்கியிருந்தார்கள். அவர் தங்கை டெய்சிக்கு இரண்டாம் மாடியில் இடம் விழுந்திருந்தது.

"அம்புட்டுத்தானே? மாத்திருவோம்," என்றார்.

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்து டைம்டேபிளைப் போடுகிறவர் அவர். நாற்பத்திரண்டு வாத்தியார், இருபத்தேழு வகுப்பு. ஒரு நாள்கூட இரண்டு பேர் ஒரே வகுப்பு வாசலில் முட்டிக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு எட்டு அறை எம்மாத்திரம்?

ஆனால் இது வெறும் லாட்ஜ் விஷயமில்லை. போன வருஷம் வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போனபோது ஏற்பாடெல்லாம் அவர் மனைவி அல்போன்சாவின் அண்ணன், பாத்திரக்கடை கஸ்பாருடையது. எல்லாரும் இன்று வரை அந்தப் பயணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த முறை ஒருத்தர் முகம் சுளித்தாலும் போச்சு. இனி குடும்பத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் கஸ்பார்தான் முன்னே நிற்பார். அடுத்த நல்ல காரியம் பிரிஸ்கில்லாவின் கல்யாணம்.

அதுவும் லேசில் நடக்கிற மாதிரி தெரியவில்லை. ஞானராஜ் கொண்டுவந்த இரண்டு வரனைத் தாய்மாமன் என்ற முறையில் கஸ்பார் தட்டிவிட்டார். கஸ்பார் கொண்டுவந்த மூன்று வரனை அப்பன் என்ற முறையில் ஞானராஜ் தட்டிவிட்டார். கணக்கில் ஒன்று கூடுதலாகத் தட்டியதில் அவருக்கு உள்ளூரத் திருப்திதான். இடையில் பெண்ணுக்கு இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது.

"லாட்ஜுக்குப் போன் போடணும். எஸ்.டி.டி. லாக்கை எடும்மா."

"லாக்கைத் தெறக்குற நம்பர் எழுதுன சீட்டைக் காணாம்ப்பா. எங்க வச்சேன்னே தெரியல. வாங்க, பூத்துக்குப் போவோம்."

தெருமுனையிலேயே ஒரு பூத் இருந்தது. அங்கே லைன் கரகரக்கும் என்று சொல்லி, மூன்று தெரு தள்ளியிருந்த ராபின் டெலிகாமுக்கு அப்பாவை அழைத்துப் போனாள்.

அவர்கள் இருந்த நாகல் நகரிலேயே சுத்தமான பூத் அதுதான். ராபின் எம்.எஸ்ஸி. படித்தவன், ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் பூத்தோட்டக்காரக் குடும்பம். பூத்தோடு பக்கத்துக் கட்டிடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பும் நடத்திக்கொண்டிருந்தான். சாரைக் கண்டதும் எழுந்து நின்று கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டான். மரியாதை தெரிந்த பையன் என்று ஞானராஜ் மனதில் குறித்துக்கொண்டார்.

அந்த லாட்ஜில் கீழ்த்தளத்தில் மூன்று அறைதான் இருந்தது. டெய்சியைக் கீழே இறக்கினால் வேறு யாரையாவது மேலே ஏற்ற வேண்டும். ஞானராஜ் யோசிக்கவேயில்லை. அதை ரத்து செய்துவிட்டு, எல்லாமே தரைத்தளமாக உள்ள ஒரு காட்டேஜைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து நீலப் பென்சிலில் புதுச் சார்ட் போட்டார்.

மூன்றாம் நாள் பிரிஸ்கில்லா காபியோடு வந்தாள்.

"காட்டேஜ் எல்லாம் தோப்புக்குள்ள தனித்தனியா இருக்குமாம்லப்பா. பாம்பு கீம்பு வருமான்னு கஸ்பார் மாமா கேட்டாகளாம்."

"பாம்பா? அந்தாளப் பாத்தாப் பாம்புல்ல ஓடும்!"

"போய்க் கேட்றாதீங்கப்பா."

கேட்க மாட்டார். அந்தக் குடும்பத்து வழக்கம் அப்படி. மூத்தவர் செய்கிற ஏற்பாட்டில் குறை இருந்தால் யாரும் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. வீட்டுப் பெண்ணின் காதில் போட்டு வைத்தால் அவள் பக்குவமாக எடுத்துச் சொல்வாள். மூத்தவரும் போய், "நீ இப்படிச் சொன்னியாமே" என்று விசாரிக்கக் கூடாது. விசாரித்த இரண்டு தடவையும் சண்டை வந்து, கொடுத்துவிட்ட கிறிஸ்துமஸ் பலகாரமே திரும்பி வந்தது.

ஆகவே காட்டேஜும் ரத்தானது. மறுபடி பூத். ராபின் கதவைத் திறந்துவிட்டான். மின்விசிறியைச் சாரின் பக்கம் திருப்பிவைத்தான். இந்த முறை பிடித்தது டார்மிட்டரி. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், கட்டில் வரிசையாக. சிவப்புப் பென்சில்.

"கஸ்பார் மாமா குறட்டைக்கு நடுவுல ஆம்பளைக யாரும் தூங்க முடியாதுன்றாகளாம்," என்று ஐந்தாம் நாள் செய்தி வந்தது. "சின்னப் பிள்ளைக அம்மா பக்கம் தூங்கவா அப்பா பக்கம் தூங்கவான்னு வேற ஒரு பேச்சாம்."

"யாரு பேசுனது?"

"பொதுவாப் பேசிக்கிறாக."

ஞானராஜ் சிவப்பு சார்ட்டையும் சுருட்டினார். டார்மிட்டரிக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெம்பாக முதல் லாட்ஜுக்கே போன் போட்டார். அங்கே ஒரு காலேஜ் கூட்டம் வந்து எட்டு அறையையும் எடுத்துவிட்டது. காட்டேஜிலும் இடமில்லை. டார்மிட்டரியைத் திரும்பக் கேட்டார். அதையும் அரை மணிக்கு முன்னால் யாரோ கேட்டு வாங்கிவிட்டார்களாம். பயணத்துக்கு எட்டே நாள். வேன் சொல்லியாகிவிட்டது. இருபத்திரண்டு பேரும் துணி எடுத்தாகிவிட்டது.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவருக்கு முதல் முறையாக வியர்த்தது. வேளாங்கண்ணியில் கஸ்பார் எடுத்திருந்த கடல் பார்த்த அறைகள் வரிசையாகக் கண்ணுக்குள் வந்துபோயின.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரிஸ்கில்லா நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரூம் ரூமாப் பிரிச்சாத்தானப்பா இம்புட்டுப் பிரச்சனையும்."

ஞானராஜுக்குப் பொறி தட்டியது.

"மண்டபம்!" என்று கத்தினார். "ஏம்மா, ஒரு கல்யாண மண்டபத்தப் புடிச்சா என்ன? ஒரே ஹாலு. சுத்தி ஏழெட்டு ரூமு. சமையக்கட்டு இருக்கும், நம்ம கைப்படக் கொழம்பு வச்சுக்கலாம். மாடியும் இல்ல, பாம்பும் இல்ல!"

"உங்களுக்கு எப்படித்தான் தோணுதோ," என்றாள் மகள்.

"டைம்டேபிள் போட்ட மூளைம்மா."

ராபினிடம் சென்னை டைரக்டரி இருந்தது. "இன்னைக்கு நேரமாயிருச்சு சார், ஆபீஸ் மூடியிருப்பாங்க. காலைல வாங்க, நம்பர் எடுத்து வைக்கிறேன்," என்றான். மறுநாள் காலை தீம் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு மண்டபத்தின் எண்ணை எழுதி நீட்டினான்.

மண்டபத்து மேனேஜர் சின்னக்கண்ணு என்பவர் எடுத்தார்.

"மண்டபம் காலியாத்தான் இருக்கு சார். என்ன விசேஷம்?"

"விசேஷம்னு இல்ல. குடும்பத்தோட தீம் பார்க் பாக்க வாரோம்."

"அப்படியா. என்ன விசேஷம்னு சொன்னீங்கன்னா எழுதிக்கலாம்."

"இருபத்திரண்டு பேரு, ரெண்டு நாளு..."

"விசேஷம் என்ன சார்?"

மனுஷன் விடுகிற மாதிரி இல்லை. விசேஷம் இல்லாதவனுக்கு மண்டபம் கிடையாது போலும் என்று ஞானராஜ் புரிந்துகொண்டார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

"நிச்சயதார்த்தம்," என்றார் கணீரென்று.

"சந்தோஷம் சார். பொண்ணு பேரு?"

கண்ணாடிக்கு வெளியே மகள் தெரிந்தாள். "பிரிஸ்கில்லா."

"மாப்பிள்ளை பேரு?"

ஞானராஜ் ரிசீவரைக் காதில் வைத்தபடியே தலையைத் திருப்பினார். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் 'ராபின் டெலிகாம்'. அதன் கீழே ராபின்.

"ராபின்," என்றார்.

"மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வருவாங்க?"

"ஒரு பத்துப் பேரு."

கூண்டை விட்டு வெளியே வந்ததும் பையனின் தோளில் தட்டினார். "தப்பா நெனைக்காத தம்பி. மண்டபம் வாங்குறதுக்காக ஒம் பேரச் சொல்லிப்புட்டேன். போனதும் மாப்ள வீட்டுக்காரவுக வர முடியலன்னு சமாளிச்சுக்குவேன்."

"பேருதானே சார், பரவாயில்ல," என்றான் ராபின். பில்லைக் கிழிக்கும்போது அவன் பார்வை பிரிஸ்கில்லா பக்கம் போய் வந்ததை அவர் கவனிக்கவில்லை. சார்ட் வேண்டாத ஏற்பாடு ஒன்றைச் செய்து முடித்த பெருமையில் இருந்தார்.

புறப்படும் நாளில் ஒரே ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. அல்போன்சா பெட்டியில் பட்டுச்சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ராட்டினத்துல ஏறுறதுக்கு எதுக்குப் பட்டு?"

"பாச்சா உருண்டை வாடை போகட்டும்னு காத்தாட எடுத்துட்டு வாரேன்," என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் மண்டபத்து வாசலில் போய் நின்றது. முதலில் இறங்கியவர் கஸ்பார். இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை. நடுவில் தெர்மோகோல் போர்டு. 'பிரிஸ்கில்லா - ராபின் நிச்சயதார்த்த விழா. வருக வருக'.

ஞானராஜ் சிரித்தார். போர்டெல்லாம் வைப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை; ஆனாலும் சமாளித்துவிடலாம். மச்சானைத் தனியே கூப்பிட்டுப் பொய்யை விளக்க வாயெடுத்தார். அப்போதுதான் மண்டபத்துக்குள்ளிருந்து ராபின் வெளியே வந்தான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. பின்னால் அவன் அப்பா, அம்மா, தட்டுத் தட்டாகப் பழம், கூடை கூடையாக மல்லிகை, பன்னிரண்டு சொந்தக்காரர்கள்.

"வாங்க சம்பந்தி," என்றார் ராபினின் அப்பா, ஞானராஜின் கையைப் பிடித்துக்கொண்டு.

ஞானராஜ் போர்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேனிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். கஸ்பாரின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"என்ன மாப்ள இது? ஒம் மக நிச்சயம் ஒனக்கே தெரியாது போலயே!"

ஞானராஜ் மகளைப் பார்த்தார். பிரிஸ்கில்லா வேன் கதவைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றாள். பத்தொன்பது வருஷமாக யாரையெல்லாமோ எந்தெந்த வகுப்பிலோ உட்காரவைத்தவருக்கு, சொந்தப் பெண்ணின் முகத்தில் இவ்வளவு பயம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. மனசு இளகிவிட்டது. பையனையும் பார்த்தார். தங்கமான பையன்; போன் போடப் போனபோதெல்லாம் பார்த்துப் பழகியாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே, மச்சான் அந்தச் சிரிப்பைச் சிரித்து முடிக்க விடக் கூடாது.

"தெரியாம இருக்குமா மச்சான்?" என்று நிமிர்ந்தார். "மண்டபம் புடிச்சது யாரு? போர்டுக்குப் பேரு குடுத்தது யாரு? எல்லாம் நாந்தேன். சொல்லிட்டுச் செஞ்சா அதுல என்ன இருக்கு? தாய்மாமன் நீங்க, மொத மாலைய நீங்கதேன் எடுத்துக் குடுக்கணும்."

கஸ்பாரின் சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை பேர் முன்னால் மாலை எடுத்துக் கொடுக்கச் சொன்ன பிறகு எந்தத் தாய்மாமனால் தட்ட முடியும்? எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண்ணும் ஈரமானது. அல்போன்சா எப்போது உள்ளே போய் எப்போது பட்டுச்சேலை மாற்றினாளோ, குத்துவிளக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள்.

மோதிரம் மாற்றி, ஜெபம் சொல்லி, பிரியாணி பரிமாறும்போது டெய்சி அண்ணனிடம் வந்தாள். "வேளாங்கண்ணி எல்லாம் இதுக்கிட்ட நிக்க முடியாதுண்ணே. என்னா ஏற்பாடு!"

ஞானராஜ் மிதந்துகொண்டே போய் ஆபீஸ் அறையை எட்டிப் பார்த்தார். ரிஜிஸ்தரும் கையுமாக இருந்த சின்னக்கண்ணுவின் கையைக் குலுக்கினார்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். விசேஷம் இருந்தாத்தான் மண்டபம் தருவேன்னு நீங்க கண்டிஷனா நின்னீங்க பாருங்க, அதுலதான் எல்லாமே கூடி வந்துச்சு."

சின்னக்கண்ணு விழித்தார்.

"அப்படி ஒரு கண்டிஷனே இங்க கிடையாது சார், டூர் வர்றவங்களுக்குத்தான் வருஷம் பூராக் குடுக்கிறோம், நீங்க பேசுனதுக்கு மொத நாள் உங்க பொண்ணுதான் போன் பண்ணி, 'எங்கப்பா பேசுவாங்க, என்ன விசேஷம்னு விடாமக் கேளுங்க, மாப்பிள்ளை பேரு ராபின்னு சொல்லுவாங்க, போர்டை இப்பவே எழுதக் குடுத்துருங்க'ன்னு சொல்லிச்சு!"