கைராசி டாக்டரிடம் போன முதுகு

அந்த டாக்டர் பொய் சொன்னார். கடலூரில் சொன்னாரா, சிதம்பரத்தில் சொன்னாரா என்பதை மட்டும் இன்றுவரை அவர் வாயால் சொல்லவில்லை.

சுனாமிக்கு அப்புறம், தானே புயலுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நான் கடலூரில் ஒரு ரசாயன ஃபேக்டரியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பல மாசமாக முதுகுவலி. குனிந்தால் இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் ஓடும். செருப்பு மாட்டுவதற்கே என் மனைவி இந்திராவைக் கூப்பிட வேண்டும். (மாட்டிவிடுவாள். மாட்டி முடிக்கும்வரை திட்டுவாள்.)

மூட்டை தூக்காத வேலை கொடுங்கள் என்று கேட்டேன். கம்பெனி டாக்டரைப் பார் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனேன். அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நடக்கச் சொன்னார், நடந்தேன். "ஃபிட்" என்று எழுதிவிட்டார். இரண்டு காலில் நடந்து வருகிறவன் எல்லாம் அவருக்கு ஃபிட். திங்கட்கிழமை மூட்டை தூக்கு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

இந்திராவின் தம்பி சேகர்தான் எங்கள் யூனியன் செயலாளர். அவன் சும்மா இருப்பானா? கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வழி இருக்கிறது என்றான். கம்பெனி டாக்டர் சொன்னதை ஒத்துக்கொள்ளாத தொழிலாளி தானே இன்னொரு டாக்டரிடம் காட்டலாம். இரண்டு டாக்டரும் வேறு வேறு மாதிரி சொன்னால், இரண்டு தரப்பும் சேர்ந்து மூன்றாவது டாக்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொல்வதுதான் முடிவு. அதுவரை யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது.

"மாமா, சிதம்பரத்துல ஒரு கைராசி டாக்டர் இருக்காராம். எங்க மாமியாருக்கு முட்டி வலி அவருகிட்டதான் சரியாப் போச்சு. சாயந்திரம்தான் பாப்பாரு, இன்னைக்கே போயிடலாம்" என்றான் சேகர்.

அவர் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் டாக்டருக்குப் பெயர் எதற்கு? கைராசி உண்டா, இல்லையா? உண்டென்றால் பஸ் ஏறிவிடுவோம். (ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்க இதைவிட ஜாஸ்தி விசாரிப்பேன்.) சிதம்பரம் என்றதும் இந்திராவும் நடராஜரைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டாள். சாமியைக் கும்பிட்டுவிட்டு மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம்.

ஒரே கூட்டம். எனக்குப் பக்கத்தில் ஒரு பண்ருட்டிக்காரர். டாக்டருக்குக் கொடுக்க ஒரு முழு பலாப்பழத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்திருந்தார். உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டார். அவ்வளவுதான். நான் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் கம்பெனி டாக்டர் மாட்டு டாக்டருக்குப் படித்து அதிலும் ஃபெயிலானவன் என்றேன். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டிருப்பது வேறு எங்கே வைப்பது என்று தெரியாததால்தான் என்றேன். செத்தவனைக் கொண்டுபோய்ப் போட்டாலும் ராத்திரி ஷிப்டுக்கு ஃபிட் என்று எழுதுவான் என்றேன். சனங்கள் சிரிக்கச் சிரிக்க எனக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. இந்திரா தொடையில் கிள்ளினாள். சேகர் இன்னும் சொல்லு மாமா என்றான். டாக்டர் அறைக்கும் எங்களுக்கும் நடுவே வெறும் திரைச்சீலைதான் என்பதை நான் யோசிக்கவில்லை.

என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். திரையை விலக்கினேன்.

உள்ளே உட்கார்ந்திருந்தார் எங்கள் கம்பெனி டாக்டர்.

"வாங்க" என்றார் அவர். "மாட்டு டாக்டருக்குப் படிச்சி ஃபெயிலாயிட்டேன். அப்புறம்?"

நான் திரும்பி ஓடினேன். பல மாசமாக ஓடாதவன் ஓடினேன். மூன்றாவது எட்டில் முதுகு பிடித்துக்கொண்டது. நேராகப் போய் அந்தப் பலாப்பழத்தின் மேல் உட்கார்ந்தேன். பலாப்பழத்தின் மேல் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு நான் விளக்கப்போவதில்லை. பண்ருட்டிக்காரர் ஓடிவந்து முதலில் பழத்தைத்தான் பார்த்தார்.

சேகரும் கம்பவுண்டரும் என்னைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார்கள். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். என் காலை மெதுவாகத் தூக்கினார், நான் கத்தினேன். விரலை அழுத்தினார், முதுகைத் தடவினார், எப்போதிலிருந்து வலி என்று அன்பாகக் கேட்டார். காலையில் என்னைப் பார்த்த ஆளா இது?

"டிஸ்க் விலகியிருக்கு. மூட்டை பக்கமே போகக்கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"காலையில ஃபிட்டுன்னு எழுதுனீங்களே சார்" என்றேன்.

"அங்க என்னை அவங்க உக்கார வெச்சிருக்காங்க. இங்க நீங்க தேடி வந்திருக்கீங்க" என்றார். துளி வெட்கம் இல்லை.

திங்கட்கிழமை சேகர் இரண்டு சீட்டையும் மேனேஜர் மேஜையில் வைத்தான். மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "யோவ், ரெண்டும் ஒரே ஆளுய்யா" என்றார். இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்றால் இன்னொரு டாக்டர்தானே, அதே டாக்டரா என்று கேட்டார். சேகரும் விடவில்லை. ஒரே ஆளாக இருந்தால் என்ன, சொன்னது இரண்டுதானே என்றான். மேனேஜர் டாக்டருக்கே போன் போட்டார். அந்த உத்தமர் சொன்ன பதில் இது: காலையில் நல்லாத்தான் இருந்தான், சாயந்திரம் பலாப்பழத்தின் மேல் விழுந்ததில் டிஸ்க் விலகிவிட்டது.

விழுந்தது உண்மை. சாட்சிக்கு ஒரு கிளினிக்கே இருக்கிறது.

கடைசியில் மேனேஜரும் சேகரும் கத்திக் கத்திக் களைத்து, பாண்டிச்சேரியில் ஒரு எலும்பு டாக்டரை மூன்றாவது ஆளாக ஒத்துக்கொண்டார்கள். (இந்தத் தடவை இந்திரா பெயரைக் கேட்டாள். மூஞ்சியையும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.) அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இது பழசு, பல மாசத்து விலகல், பழத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு கேட்டில் உட்கார்ந்து லாரிக்கு டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. வேலையும் தப்பித்தது, முதுகும் தப்பித்தது.

மானம் தப்பிக்கவில்லை. சாம்பார் எப்படி என்று இந்திராவைக் கேட்டால், "கடலூர்ல சொல்லட்டுமா, சிதம்பரத்துல சொல்லட்டுமா?" என்கிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில் சேகரின் மகன் அதையே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டான். பலா சீசன் வந்தால் சொந்தக்காரன் ஒருத்தன் விடாமல் எனக்கு நாற்காலி போடுகிறேன் என்று பழத்தைக் காட்டுகிறான். சிரிக்கட்டும்.

டாக்டர் அய்யா, உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் இன்னமும் காலையில் அங்கேயும் சாயந்திரம் இங்கேயும் உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. பாண்டிச்சேரி டாக்டர் பழசு என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் அன்று காலையில் நீங்கள் பார்த்தது என்ன? எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம். சாயந்திரம் ஆறு மணிக்கு, கிளினிக் நிறைந்திருக்கும்போது, அந்தத் திரைச்சீலையை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். நாற்காலியில்தான்.