சிவப்பு டப்பாவும் சின்ன எழுத்தும்

"மாமா, அந்தச் சிவப்பு டப்பாவைத் திறந்துட்டேளா?"

நங்கநல்லூரிலிருந்து மாப்பிள்ளை சுஹாஸ் போனில் கேட்டான். குரலே சரியில்லை.

"நான் திறக்கலையே. ஏன் மாப்பிள்ளை?"

"டப்பா மாறிப்போச்சு. உங்களுக்கு நீலம். சிவப்பு எங்க ஆபீஸ் பெரியவருக்காக ஜெர்மனிலேர்ந்து வாங்கிண்டு வந்தது. ஒவ்வொரு சாக்லேட்டுக்குள்ளயும் பிராந்தி இருக்கு மாமா."

கஸ்தூரிரங்கன் ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இவரோ மயிலாப்பூரில் நுகர்வோர் சங்கத் தலைவர். "ஒரு சொட்டு மது கலந்தாலும் டப்பா மேலே பெரிய எழுத்தில், தமிழில் போடு" என்று தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவர். நாளை சாயங்காலம் அந்த மனுவைப் பற்றி மேடையில் பேச வேண்டும். பத்திரிகை நிருபர் வேறு வருகிறார்.

அது மட்டுமா? பாண்டி பஜாரில் பூதக்கண்ணாடிகள் வாங்கி, குடியிருப்பில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தவரும் இவர்தான். "சின்ன எழுத்தைப் படிக்காம எதையும் வாயில் வைக்காதீங்கோ" என்று வாசலுக்கு வாசல் நின்று சொன்னார்.

ஆனால் மாப்பிள்ளை கொடுத்த டப்பாவைப் பூதக்கண்ணாடி வைத்தா படிப்பார்கள்? மூடியில் பசுமாடும் பனிமலையும் இருந்தன. பால் சாக்லேட் என்று தீர்மானித்து மனைவி கையில் கொடுத்துவிட்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

"விசாலம், அந்தச் சிவப்பு டப்பா எங்கே?"

கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து கிராம்பை மென்றபடி சுண்டல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள் விசாலாக்ஷி. "வெத்தலை பாக்கோட பூமா மாமிக்கு வெச்சுக் குடுத்துட்டேன். ஏன்னா, என்ன ஆச்சு?"

உண்மையைச் சொன்னால் விடிவதற்குள் நாலு மாட வீதியும் பேசும். "காலாவதி ஆயிடுத்தாம்" என்றார்.

"ஐயோ பாவம்" என்றாள் விசாலாக்ஷி, பொட்டலத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நவராத்திரியில் மயிலாப்பூரில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பிடிப்பது லேசில்லை. திங்கட்கிழமை இவர் வீட்டிலிருந்து கிளம்புகிற ரவிக்கைத் துணி, ஏழெட்டு வீடு சுற்றிவிட்டு, மடிப்புக் கலையாமல் சனிக்கிழமை இவர் வீட்டுக்கே வந்து சேரும். கஸ்தூரிரங்கன் செருப்பைக்கூட மாட்டாமல் மாடிக்கு ஓடினார்.

பூமா மாமி பாடிக்கொண்டே கதவைத் திறந்தாள். அவள் வாயிலும் கிராம்பு.

"காலாவதியா? அடடா. நான் தொடவே இல்லை மாமா. அப்படியே செங்கமலத்துக்குக் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காரணமில்லாமல் சிரித்தாள்.

தொடவில்லை என்றதும் கஸ்தூரிரங்கனுக்குப் பாதி உயிர் வந்தது.

அடுத்த வீட்டில் கதவைத் திறந்தது செங்கமலத்தின் கணவர் வரதாச்சாரி. அங்கேதான் வினை. அவர் சங்கத்தின் செயலாளர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வழக்கு என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார்.

"காலாவதியான சரக்கா? பழம் நழுவிப் பால்ல விழுந்துடுத்து ஓய். நாளைக்கு டப்பாவை மேடையில வெச்சு, நிருபர் முன்னாடி நீரே லேபிளை வாசியும்."

கஸ்தூரிரங்கன் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "காலாவதி ஆகலை. நான்தான் தேதியைத் தப்பாப் பார்த்துட்டேன்."

"பின்னே எதுக்குத் தேடறீர்?"

"அதுல... முட்டை கலந்திருக்கு."

"முட்டையா? அதை மூடி மேல போடலையா? இது இன்னும் பெரிய கேஸ்." வரதாச்சாரி சட்டையை மாட்டிக்கொண்டார். "இரும், நானும் வரேன்."

முட்டை என்ற பேச்சு வந்தாலே காதைப் பொத்திக்கொள்கிற செங்கமலம் மாமி, இன்று ஊஞ்சலில் சாய்ந்தபடி கொட்டாவி விட்டாள். "டப்பா ஷகீலா டீச்சர்கிட்ட இருக்கு. நாங்க யாரும் தொடலை" என்றாள். கிராம்பு வாசனை கூடம் வரைக்கும் வந்தது.

ஷகீலா பெயரைக் கேட்டதும் கஸ்தூரிரங்கன் வாசலுக்கு விரைந்தார். எதிர் வரிசை வீடு. அவள் கணவர் இனாயத் பாய் தங்கமான மனிதர். மதுவின் வாசனைகூட அண்டாத வீட்டில், பிள்ளைகள் வாயில் பிராந்தியைப் போட்டுவிட்டோமே என்று தவித்துப்போனார். நாளை பேச்சு, நிருபர், தலைவர் பதவி எல்லாம் எக்கேடோ கெடட்டும், இந்த வீட்டில் பொய் சொல்ல முடியாது.

ஷகீலா கதவைத் திறந்ததும் கைகூப்பிவிட்டார்.

"அம்மா, என்னை மன்னிச்சுடு. அந்தச் சிவப்பு டப்பால இருக்கறது பிராந்தி சாக்லேட். ஊரெல்லாம் லேபிளைப் படின்னு சொன்ன நான், படிக்காமக் குடுத்துட்டேன். குழந்தைகள் சாப்பிட்டுட்டாளா?"

பக்கத்தில் வரதாச்சாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

ஷகீலா உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். உள்ளே ஊசி, நூல்கண்டு, சட்டைப் பொத்தான்கள்.

"கவலைப்படாதீங்க சார். மத்தியானம் நான் கொலு பார்க்க வந்தப்பவே, உங்க வீட்டு மாமி, பூமா மாமி, இவர் வீட்டு மாமி மூணு பேரும் நீங்க குடுத்த பூதக்கண்ணாடிய வெச்சு அடியில இங்கிலீஷ்ல இருந்த பொடி எழுத்தை ஒரு வரி விடாமப் படிச்சாங்க. 'பிராந்தி போட்டிருக்கு ஷகீலா, உனக்கு ஆகாது'ன்னு சொல்லி, சாக்லேட்டு மொத்தத்தையும் அவங்களே சாப்பிட்டு முடிச்சுட்டு, டப்பாவ மட்டும்தான் சார் என்கிட்ட குடுத்தாங்க."