கயிறு அண்ணாச்சி டாட் எக்ஸ்ஒய்இசட்

தூத்துக்குடியில் கப்பலை நம்பிப் பணம் போட்டவர்கள் உண்டு, உப்பை நம்பிப் போட்டவர்கள் உண்டு, அந்தக் காலத்தில் முத்தை நம்பிக் கடலுக்குள்ளேயே போட்டவர்களும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத, காலால் மிதிக்க முடியாத ஓர் இடத்தில் கல் ஊன்றி வேலி போட்ட ஒரே மனிதர் எங்கள் கயிறு அண்ணாச்சிதான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை. கடைப் பலகையில்கூட ‘கயிறு, வலை, மிதவை கிடைக்கும்’ என்றுதான் இருக்கும், யாரிடம் என்று இருக்காது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் கடை. சாத்தான்குளத்துப் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து இளவயதில் வந்து கயிற்றைப் பிடித்தவர், விடவில்லை. இரண்டு கையையும் அகல விரித்துப் பாகம் பாகமாக அளப்பார். அளந்து அளந்து அந்தப் பழக்கம் உடம்பில் ஏறி, பேசும்போதும் கை தானாக விரிந்துவிடும். அண்ணாச்சி ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்தால் விவரம் தெரிந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். விவரம் தெரியாதவர்கள் மூக்கைத் தடவிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கடையின் மாடி அறையில் நான் குடியிருந்தேன். விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசல்காட்டுக்காரன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஒரு ஷிப்பிங் ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். யார் என்ன கேட்டாலும் முழுசாகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்கிற வியாதி எனக்கு இருந்தது. நடந்த அத்தனைக்கும் அந்த வியாதிதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மாடியேறி வந்தார்.

“தம்பி, கடைக்கு ஒரு வெப்சைட்டு போடணும். பின்னாடி டாட் காம்னு வருமே, அது வேணும்.”

அவர் சொன்ன பேரைத் தட்டிப் பார்த்தேன். வேறு யாரோ எப்போதோ வாங்கியிருந்தார்கள்.

“அங்கன என்ன கட வச்சிருக்கான்?”

“கடையெல்லாம் இல்ல அண்ணாச்சி. சும்மா வாங்கிப் போட்டிருக்காங்க. வேணும்னா வெலைக்குத் தருவாங்களாம்.”

“வெறும் பேரயா?”

விலையைச் சொன்னேன். அண்ணாச்சி என் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது. அவர் முனகவில்லை, ஆனால் அவர் மனசு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். பைபாஸ் ரோட்டுக்குப் போயிற்று.

அண்ணாச்சி வாழ்க்கையில் ஆறாத புண் அந்தப் பைபாஸ் ரோடு. உடைமுள் மண்டிய வெறும் உடங்காடாகக் கிடந்த காலத்தில் ஒரு சிநேகிதர் அங்கே இடம் காட்டியிருக்கிறார். “இங்கன நரிதாம்வே குடியிருக்கும்” என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். இப்போது அதே இடத்தில் தானாக நகரும் படிக்கட்டு வைத்த ஜவுளிக்கடை நிற்கிறது. பஸ் அந்தப் பக்கம் போகும்போது அண்ணாச்சி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். மயினி, அதாவது அவர் மனைவி, ஊருக்குள் எத்தனை கடை இருந்தாலும் சேலை எடுக்க அங்கேதான் போவார்.

“டாட் காம் போனா போவுது. வேற என்ன இருக்கு?” என்றார் அண்ணாச்சி.

நான் வியாதிக்காரன் அல்லவா? பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் புது வால்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் குரு, டாட் எக்ஸ்ஒய்இசட்.

அண்ணாச்சி எழுந்துவிட்டார். கை விரிந்தது. நான் சுவரோரம் போனேன்.

“அப்ப கேட்டுக்க. டாட் காம்னா பெரிய கடத்தெரு. ஒரு சாண் எடம் கெடைக்காது. டாட் ஷாப்னா பைபாஸ். இந்த எக்ஸ்ஒய்இசட்டு இருக்கே, அது ஊருக்கு வெளிய கள்ளிக்காடு. ஆனா நாளைக்கு பஸ் ஸ்டாண்டு அங்கனதாம்லே வரும்.”

எனக்குத் தெரிந்ததை நிதானமாக எடுத்துச் சொன்னேன். பேர் சின்னதாக, பலருக்கும் வேண்டியதாக இருந்தால்தான் விலைக்குக் கேட்டு ஆள் வரும். புது வாலெல்லாம் முதல் வருஷம் சல்லிசாகத் தருவார்கள், மறுவருஷம் புதுப்பிக்கும்போது ஏற்றிவிடுவார்கள். தவிர, எந்தப் பேரைச் சொன்னாலும் சனங்களின் விரல் பழக்கத்தில் டாட் காம் என்றுதான் அடிக்கும்.

“வருஷா வருஷம் கட்டணுமா?” அண்ணாச்சி யோசித்தார். “அப்ப இது பட்டா நெலம் இல்ல. பனைய பாட்டத்துக்கு எடுக்க மாதிரி.”

“அதேதான் அண்ணாச்சி.”

“பாட்டத்துக்கு எடுத்த பனையிலயும் பதனி எறங்கத்தாம்லே செய்யும்.”

படிப்பை மூடி வைத்துவிட்டு, எந்தப் பேர் வேண்டும் என்று கேட்டேன்.

முதலில் கடைக்கு வாங்கினார். ஊரே கூப்பிடுகிற பேராகிய கயிறு அண்ணாச்சியைக் கள்ளிக்காட்டில் ஊன்றினோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ‘பலருக்கும் வேண்டிய பேர்’ என்று நான் சொன்னது அவருக்குள் நொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மறுவாரம் வந்தார்.

“தம்பி, படகுக்குன்னு தனியா வால் உண்டுமா?”

இருந்தது. டாட் போட்ஸ். இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலிருந்து நாட்டுப்படகுகள் கரை திரும்புகிற நேரத்தில் அண்ணாச்சி கரையில் நின்றார். ஒவ்வொரு படகின் முகப்பையும் போனில் படம் பிடித்தார். அவர் பிடிப்பது படகின் பேரை என்று யாருக்கும் தோன்றவில்லை. அரசாங்கம் ஏதோ மானியம் தரப்போகிறது, அண்ணாச்சி கணக்கெடுக்கிறார் என்று கரை முடிவு செய்துவிட்டது.

“அண்ணாச்சி, எம் படகையும் சேத்துக்கிடுங்க.”

“சேத்தாச்சி, சேத்தாச்சி.”

சேர்த்ததற்கு நன்றியாக ஆளுக்கொரு மீன் வந்தது. அந்த மாதம் முழுக்க அண்ணாச்சி வீட்டில் பாறை மீன் குழம்பு. “இந்த டாட்டுல கண்ட ஒரே லாபம் இதுதான்” என்று சொல்லிக்கொண்டே மயினி எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்புவார்.

பிறகு அண்ணாச்சி காத்திருந்தார். துறைமுகத்துப் படகுப் பேர்களில் பாதியை டாட் போட்ஸ் வாலோடு வாங்கி வைத்திருந்தார். வாங்கத்தான் ஒருவரும் வரவில்லை. ஒரே ஒரு தடவை வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தது. என்னைப் படிக்கச் சொல்லும் முன்பு முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டார். பேரை வாங்கிக்கொள்கிறோம், முதலில் நீங்கள் பணம் கட்டி அதன் மதிப்புக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்புங்கள் என்று இருந்தது. ஏமாற்று வேலை என்று நான் எச்சரிப்பதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

“மாட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாக்கது வாங்குதவன் வேல. விக்கப் போறவன்கிட்டயா துட்டு கேப்பான்? போவச் சொல்லுலே.”

ஆள் விவரமானவர்தான். அந்தப் பைபாஸ் ரோடுதான் அவரைப் படுத்தியது.

கடைசியில் ஒருவர் வந்தார். மிக்கேல் அண்ணன். சொந்தப் படகு வைத்திருப்பவர், அண்ணாச்சி கடையின் முதல் வாடிக்கை. அவர் மகள் காலேஜில் படிக்கிறாள். வீட்டுக் கருவாட்டை ஊருக்கெல்லாம் விற்கலாம் என்று படகின் பேரில் வெப்சைட் போடப் பார்த்திருக்கிறாள். பேர் ஏற்கெனவே போயிருந்தது. இந்த ஊரில் அப்படிச் செய்யக்கூடிய ஆள் யார் என்று அவள் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

போனைக் கையில் பிடித்தபடி மிக்கேல் அண்ணன் கடைக்குள் வந்ததும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. முதல் கிராக்கி. டீ சொன்னார். மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தார்.

“அண்ணாச்சி, இது யாரு பேரு?” என்று போனை நீட்டினார் மிக்கேல் அண்ணன்.

“இன்னாசியம்மாள். ஒம்ம படகு பேருல்லா?”

“படகு பேரு அப்புறம். மொதல்ல அது எங்கம்மா பேரு. எங்கம்மாவ நீரு எப்ப வாங்குனீரு?”

விரிந்த கை விரிந்தபடி நின்றது.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. படகை விற்பார்கள், பேரை விற்கமாட்டார்கள். விலை பேசி முடித்ததும், கொடுக்கிறவர் தன் கையாலேயே முகப்பில் எழுதிய பேரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் படகை விடுவார். வாங்கினவர் தன் அம்மா பேரையோ புனிதர் பேரையோ எழுதி, ஃபாதரைக் கூப்பிட்டு மந்திரித்து இறக்குவார். இத்தனை வருஷம் கயிறு விற்ற அண்ணாச்சிக்கு இது தெரியாமல் இல்லை. பெயிண்டால் எழுதிய பேருக்குத்தான் அந்த வழக்கம், கம்ப்யூட்டரில் எழுதியதற்குக் கிடையாது என்று நினைத்துவிட்டார்.

மிக்கேல் அண்ணன் டீயைத் தொடாமல் போனார். அன்றிலிருந்து கடைக்கு ஆள் வரத்து நின்றது. கரையில் அண்ணாச்சிக்குப் புதுப்பேரும் வந்துவிட்டது: ‘அம்மாவ வாங்குனவரு.’ ஒரு முழக் கயிற்றுக்குக்கூட எதிர்ச்சாரிக் கடைக்குப் போனார்கள். அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து, யாரும் கேட்காத கயிற்றை அளந்து அளந்து சுருட்டி வைத்தார். மயினி திட்டுவதற்குப் பதில் மீன் இல்லாத வெறும் ரசத்தை வைத்தார். அதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்தியது.

நாலைந்து நாள் பொறுத்து மாடிக்கு வந்தார்.

“தம்பி, இதுல பேரச் சுரண்ட முடியுமா?”

“சுரண்ட வேண்டாம் அண்ணாச்சி. அவங்கவங்க பேருக்கே மாத்திக் குடுத்திரலாம்.”

“அப்ப நட.”

படகு படகாக நடந்தோம். ஒவ்வொருவர் போனையும் வாங்கி நான் மாற்றிக் கொடுத்தேன். அண்ணாச்சி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைக் கை கட்டிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மானியம் என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டார்கள். “இதுதாம்யா மானியம்” என்றார். மிக்கேல் அண்ணன் படகுக்குக் கடைசியாகப் போனோம். அண்ணாச்சி பேச்சை வளர்க்கவில்லை.

“ஒங்கம்மாவ ஒம்ம வீட்டுக்கே அனுப்பி வச்சிட்டேன். மன்னிச்சிக்கிடும்.”

மிக்கேல் அண்ணன் போனைப் பார்த்தார், மகளிடம் நீட்டினார், அவள் தலையாட்டியதும் சிரித்துவிட்டார். மறுநாள் நூறு பாகம் கயிறு வாங்க வந்தார். வந்தவர் சும்மா போகவில்லை.

“எல்லாத்தையும் குடுத்தாச்சி. இனி ஒம்ம பேரு ஒண்ணுதான் மிச்சம் என்ன? அத எவம்வே வாங்குவான்?”

“வாங்குவான். ஒரே ஒருத்தன் வாங்கட்டும், அப்ப பேசுதேன்.”

“அப்படி ஒருத்தன் வாங்கிட்டாம்னா, பேரில்லாம கெடக்க எம் சின்ன வள்ளத்துக்கு ஒம்ம பேர எழுதுதேன். இன்னாசியம்மாள் மேல சத்தியம்.”

கடையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து என்னை எப்போது பார்த்தாலும், “மெயில் ஏதும் வந்துதா?” என்று கேட்பார். கயிறு நன்றாகத்தான் விற்றது. அவருக்கு வேண்டியது வேறு. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஓர் உடங்காட்டைப் பார்த்து, ‘இங்கே பஸ் ஸ்டாண்டு வரும்’ என்று சொன்னது பலிக்க வேண்டும்.

நான் சென்னைக்கு வேலை மாறி வந்தேன். வெப்சைட் கட்டுகிற கம்பெனி. போன வருஷம் ஒரு நாள் அண்ணாச்சி போனில் வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“தம்பி, புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கு, நான் பாக்கல. பழைய போனோட போச்சு. இப்பம் நம்ம பேரு நம்மகிட்ட இல்லங்கான். எவனும் எடுத்திருப்பானா?”

பார்த்தேன். ஒருவரும் எடுத்திருக்கவில்லை. கயிறு அண்ணாச்சி டாட் எக்ஸ்ஒய்இசட், கள்ளிக்காட்டில் கேட்பாரற்றுக் கிடந்தது. அவருக்கே திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கலாம். அதுதான் முறை. ஆனால் அந்தக் குரலில் பயம் மட்டும் இல்லை, அதற்கு அடியில் ஓர் ஆசையும் இருந்தது.

“லைன்ல இருங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, என் கார்டை எடுத்து, அந்தப் பேரை நான் வாங்கினேன்.

“ஆமா அண்ணாச்சி. யாரோ வாங்கிட்டாங்க.”

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உருளும் ஓசை. கையை விரித்திருக்கிறார்.

“நான் சொன்னேம்லா? யாருலே அது?”

“பேர மறைச்சு வச்சிருக்காங்க.”

“பெரிய கம்பெனியாத்தான் இருக்கும்” என்றார். உடனே போனைக் கையில் பிடித்தபடியே, “ஏ மிக்கேலு” என்று கரையைப் பார்த்துக் கூப்பிட்ட குரல் சென்னை வரைக்கும் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

மிக்கேல் அண்ணன் வாக்குத் தவறவில்லை. வள்ளத்தின் படத்தை அண்ணாச்சி எனக்கு அனுப்பினார். நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்தில் ‘கயிறு அண்ணாச்சி’. தண்ணீர் தெளிக்க வந்த ஃபாதர், இவர் எந்த ஊர்ப் புனிதர் என்று கேட்டாராம். பைபாஸில் பஸ் போகும்போது இப்போதெல்லாம் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை என்று மயினி சொன்னார்.

இந்தப் பத்திரிகையில் அண்ணாச்சி ராசிபலன் பக்கத்தைத் தாண்டமாட்டார் என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

புது வால் பேர்களை வாங்கிப் போட்டால் தேறுமா என்று ஆபீசுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். உபயோகத்துக்கு என்றால் வாங்குங்கள், நாளைக்கு விலை ஏறும் என்று வாங்காதீர்கள் என்று நிதானமாக எடுத்துச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, என்னிடம் இருக்கிற ஒன்றை இந்த வருஷமும் புதுப்பித்தேன். அது விட்டுப்போனால் மிக்கேல் அண்ணன் வள்ளத்தைச் சுரண்ட வேண்டி வரும். யாராவது விலை கேட்டு வந்தாலும் கொடுப்பதாக இல்லை. எங்கள் கரையில் பேரை விற்கிற வழக்கம் கிடையாது.