மூணாம் நம்பர் அறைக்குப் பேச்சு வந்த செய்தி

சென்னையிலிருக்கும் மருமகன் புகழேந்திக்கு, உன் விடுதியைக் காவல் காக்கும் மாமன் அப்பாசாமி, ஜெராக்ஸ் கடை பாலாஜியின் கையால் எழுதுவது. இங்கே நான் சுகம். மலையும் இருந்த இடத்திலேயே சுகம். நீயும் சரோஜாவும் அவ்வண்ணமே இருக்க அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார்.

மூணாம் நம்பர் அறை அர்ஜென்டினா அம்மா உனக்குப் புகார் எழுதுவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எந்தத் தேர்தலில் எவன் எந்தச் சின்னத்தில் நின்று தோற்றான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செங்கம் ரோடு டீக்கடை டிவியில் காலைச் செய்தியை ஒரு தடவை கேட்டால் போதும், ஒரு வரி சிந்தாது. அந்தம்மா வந்த நாளாய் வாயே திறக்கவில்லை. கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது, ஆபீஸ் அட்டை என்று நினைத்தேன். பாவம், பேச்சு வராத பொண்ணு, உலகத்தில் நடப்பதை இதுக்கு யார் சொல்லுவாங்க என்று தினம் ஏழு மணிக்கு நானே போய்க் கையால் செய்தி சொன்னேன். சண்டை என்றால் ஏரோப்ளேன் விட்டேன். மந்திரிக்குப் பதவி போனால் நாற்காலியிலிருந்து கீழே விழுந்து காட்டினேன். புதுப் படம் வந்தால் இந்த இடுப்போடு நாலு ஸ்டெப் போட்டேன். அந்தம்மா கண்ணை மூடிக்கொள்ளும். சண்டை ஜாஸ்தி, நல்ல சேதி கம்மி, அதுதான் வருத்தம் என்று பட்டது. இன்னைக்கு, புதன்கிழமை, பார்த்தால் அவங்க ஊரு பந்தாட்டத்துல கெலிச்சுடுச்சு! ஓடி வந்து, சொம்பை உதைத்து, "அர்ஜென்டினா! ரெண்டுக்கு ஒண்ணு!" என்று விரலை நீட்டினேன். "கோ...ல்!" என்று அந்தம்மா கத்துச்சு பார், மாடியிலிருந்த குரங்கெல்லாம் இறங்கி ஓடிடுச்சு.

"ஊமைக்குப் பேச்சு வந்துடுச்சு, அண்ணாமலையாரே!" என்று நான் ரோட்டுக்கு ஓட, எதிர்வீட்டுப் பொன்னி கற்பூரம் ஏத்த, கிரிவலம் வந்த ஜனமெல்லாம் அந்தம்மா காலில் விழ, கேபிள் டிவிக்காரனும் வந்துட்டான். சாயங்காலச் செய்தியில் வெளிநாட்டுச் சண்டைக்கும் நடிகர் கல்யாணத்துக்கும் நடுவில் அந்தம்மா முகம்! அப்புறம்தான் பாலாஜி வந்தான்.

"இன்னா பெருசு இப்படிப் பண்ணிட்ட? அட்டையில மௌன விரதம்னு போட்டிருக்கு. நாப்பத்தெட்டு நாளு. இன்னியோட நாப்பது."

"இத அந்தம்மா வந்த அன்னைக்கே சொல்றதுக்கு இன்னாடா?"

"நீ எங்க பேச வுட்ட? நீதான் செய்தி வாசிச்சினே இருந்தியே!"

அந்தம்மா மறுபடி ஒண்ணாம் நாளிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. தப்பு என்னுதுதான். இனி நாடே கவிழ்ந்தாலும் அந்த அறைப்பக்கம் ஒரு செய்தி போகாது, இது மலைமேல் சத்தியம். வேற ஆளைப் போட்டு என்னை வேங்கிக்காலில் இருக்கும் மகள் வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதே. அங்கே டிவியில் சீரியலைத் தவிர எதுவும் ஓடாது.

குழந்தை கவிநிலாவுக்கு என் முத்தம். எல்லாரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருங்க.

இப்படிக்கு,
மாமன் அப்பாசாமி (கைநாட்டு)

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அந்தம்மா வந்து ஒரு சீட்டை நீட்டியது. போச்சுடா, புகார்தான் என்று பாலாஜியிடம் கொடுத்தேன். அவன் படித்துச் சொன்னான்: "அடுத்த மேட்ச் எப்போ?" ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் என்று நாலு விரல் காட்டிவிட்டேன். மேலே இருக்கும் சத்தியத்தைக் கோடு போட்டு அடிடா என்றால் பாலாஜி மாட்டேன் என்கிறான், கடிதம் அசிங்கமாகிவிடுமாம். நீயே அடித்துக்கொள்.